ஆஸ்பத்திரிக் குப்பை எங்கே போகிறது? சித்தூர், திருப்பதி நிலவரம்

திருப்பதிக்கு வருகிறவர்கள் எல்லோரும் மலை ஏற வருகிறவர்கள் அல்ல. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாக வரும் ரயிலிலும், ரேணிகுண்டா மார்க்கமாக வரும் வண்டிகளிலும், கையில் எக்ஸ்ரே உறையும் பழைய மருந்துச் சீட்டுமாக இறங்குகிறவர்கள் தினமும் உண்டு. ரூயா சர்க்கார் ஆஸ்பத்திரி, பிரசவ ஆஸ்பத்திரி, தேவஸ்தான ஆதரவில் நடக்கும் ஸ்விம்ஸ், எலும்பு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பர்ட், 2021ல் திறக்கப்பட்ட குழந்தைகள் இருதய ஆஸ்பத்திரி என்று க்ஷேத்திர நகரம் இன்று வைத்திய நகரமாகவும் ஆகிவிட்டது. கடப்பை, நெல்லூர், அனந்தப்பூர் பக்கத்தவர்கள் மட்டுமின்றி திருத்தணி, அரக்கோணம் பக்கத்துத் தமிழர்களும் இங்கு வருகிறார்கள். சித்தூர்க்காரர்களோ பெரிய வியாதி என்றால் எதிர்த்திசையில் வேலூருக்குப் போகிறார்கள். சித்தூரிலேயும் மாவட்ட ஆஸ்பத்திரியைச் சுற்றி நர்சிங் ஹோம்களும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் பெருகிவிட்டன.

நோயாளி குணமாகி வீடு திரும்புகிறார். அவர் கட்டிலில் விட்டுச் சென்ற சாமான்கள் என்ன ஆகின்றன? ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத் துணி, ஊசி, சிரிஞ்சு, சலைன் பாட்டில், அதன் ரப்பர்க் குழாய், மூத்திரப் பை, கையுறை, ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதை, பிரசவத்தின் நஞ்சுக்கொடி, காலாவதியான மாத்திரை. இவை அன்றாடம் சேருகின்றன. தேசம் முழுவதும் நாளொன்றுக்கு 600 டன்னுக்கு மேல் இத்தகைய கழிவு சேருவதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குகள் காட்டுகின்றன. இது கணக்கில் வந்தது. கணக்கில் வராதது எவ்வளவு என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டிய விஷயம்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியின் மொத்தக் குப்பையில் நூற்றுக்கு 85 பங்கு, வீட்டுக் குப்பை போன்ற சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. வாழைப்பழத் தோல், காகிதம், டீ டம்ளர், அட்டைப் பெட்டி வகையறா. ஆபத்தானது மீதி 15 பங்குதான். ஆனால் அந்தப் பதினைந்தை எண்பத்தைந்துடன் ஒரே கூடையில் கொட்டிவிட்டால், நூறும் ஆபத்தான கழிவாக ஆகிவிடும்.

நான்கு நிறம்

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1986ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1998 ஜூலையில் முதல் விதிகள் வந்தன. அவற்றில் கழிவைப் பத்து வகையாகப் பிரித்திருந்தார்கள். பத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது டாக்டர்களுக்கே சிரமமாக இருந்தது. 2016 மார்ச்சில் வந்த புதிய விதிகள் அதை நான்கு நிறமாகச் சுருக்கின. சதை, ரத்தப் பஞ்சு, காலாவதி மருந்து ஆகியவை மஞ்சள் பையில். குழாய், சலைன் பாட்டில், ஊசி கழற்றிய சிரிஞ்சு, கையுறை போன்ற பிளாஸ்டிக், ரப்பர் சாமான்கள் சிவப்பில். ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். மருந்துக் குப்பி முதலிய கண்ணாடிகளும், உடம்பில் வைத்து எடுத்த உலோகத் தகடுகளும் நீலப் பெட்டியில்.

நிறத்தால் பிரித்தது நல்ல யோசனை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துப் போட முடியும். அறிவிப்புப் பலகை தெலுங்கில் இருந்து, வார்டில் பெருக்குகிறவர் வீட்டில் பேசுவது தமிழாக இருக்கும் நம்முடைய எல்லை ஊர்களில் இது பெரிய வசதி.

இதன் பிறகு நடக்கவேண்டியதையும் விதிகள் சொல்கின்றன. ரத்தப் பஞ்சு, சதை போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு பையிலும் பார்கோடு ஒட்டவேண்டும். அதை ஏற்றிச் செல்லும் வண்டி எங்கே போகிறது என்பதை ஜி.பி.எஸ். மூலம் கண்காணிக்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகளுக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம். அத்தகைய நிலையம் 75 கிலோமீட்டருக்குள் இருந்தால், எந்த ஆஸ்பத்திரியும் தன் கொல்லையில் தனியாக எரியுலை போடக்கூடாது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் உள்ள தூரமே சுமார் 70 கிலோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு நிலையத்தின் ஆட்சி எவ்வளவு விரிந்தது என்பது புரியும். நாடு முழுவதும் இத்தகைய பொது நிலையங்கள் சுமார் 200 இருக்கின்றன.

காகிதத்தில் இந்த ஏற்பாட்டில் குறை காண்பது கடினம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி, பார்கோடு, உலை எல்லாம் பையைக் கட்டிய பிறகு வருகிறவை. எந்தச் சாமான் எந்தப் பையில் விழுகிறது என்பது கட்டில் ஓரத்தில், நர்ஸம்மா ஊசியை எடுத்த அரை நிமிஷத்தில் முடிவாகிவிடுகிறது. இருபது கட்டிலுக்கு ஒரு நர்ஸ், இரவு ஷிப்டில் அதுவும் இல்லை என்ற வார்டில், ஊசி வெள்ளை டப்பாவுக்குப் போகிறதா, பக்கத்திலிருக்கும் கூடைக்குப் போகிறதா என்பதை எந்த ஜி.பி.எஸ். கருவியும் சொல்லாது. கட்டிய பையைப் பிரித்து மறுபடி தரம் பிரிக்கவும் கூடாது. அது பெருக்குகிறவரின் விரலுக்குத்தான் ஆபத்து.

கோவிட் காட்டிய வழி

2020, 2021ல் கோவிட் பரவியபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. திருப்பதியில் யாத்திரிகர் தங்கும் ஸ்ரீநிவாசம் போன்ற விடுதிகளே சிகிச்சை முகாம்களாக மாறின. தெரியாத வியாதி என்ற பயத்தில் நாடெங்கும் நோயாளி தொட்டதையெல்லாம் மஞ்சள் பையில் போட்டார்கள். மிச்சச் சோறு, தண்ணீர் பாட்டில், தட்டு எல்லாம் எரியுலைக்குப் போயின. நிலையங்கள் திணறின. மத்திய வாரியமே தலையிட்டு, மிச்ச உணவையும் சாதாரணக் குப்பையையும் மஞ்சள் பையில் போடாதீர்கள் என்று தன் வழிமுறையைத் திருத்தி எழுத நேர்ந்தது.

உலக அளவிலும் இதே கதைதான். 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை ஐக்கிய நாடுகள் ஏற்பாட்டில் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்ட கவச உடை, முகமூடி முதலியவற்றின் எடை மட்டும் 87,000 டன் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. 800 கோடி டோஸ் தடுப்பூசி போட்டதில் குப்பி, சிரிஞ்சு, ஊசி, டப்பா எல்லாம் சேர்ந்து 1,44,000 டன். இவ்வளவையும் அனுப்பியபோது, உபயோகித்த பிறகு என்ன செய்வது என்று யோசித்தவர்கள் குறைவு. ஏழை நாடுகளில் பத்துக்கு ஆறு ஆஸ்பத்திரிகள் அப்போது ஏற்கெனவே இருந்த கழிவையே சமாளிக்க வசதியின்றி இருந்தன என்பது அதே அறிக்கையின் கணக்கு.

சிவப்புப் பைக்கு ஒரு சந்தை

நான்கு பைகளில் மஞ்சளை யாரும் திருடமாட்டார்கள். சிவப்பின் கதை வேறு. சலைன் பாட்டிலும் சிரிஞ்சும் நல்ல தரமான பிளாஸ்டிக். அவற்றை ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கர் போன்ற சாதனத்தில் நீராவியில் அவித்து, தூளாக அரைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்கு விற்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. எடைக்கு விலை உண்டு. விலை இருப்பதால்தான் அவிப்பதற்கு முன்பே, அரைப்பதற்கு முன்பே, காயலான் கடைக்குப் போக வழி பிறக்கிறது.

கட்டண முறையும் இதற்கு உதவுகிறது. பொது நிலையத்துக்கு ஆஸ்பத்திரிகள் தரும் பணம் பெரும்பாலும் படுக்கைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருக்கிறது. கழிவைக் குறைத்தாலும் அதே தொகை, கூட்டினாலும் அதே தொகை. ஒழுங்காகப் பிரித்த ஆஸ்பத்திரிக்குத் தள்ளுபடி கிடையாது. வண்டிக்காரர் பார்வையில், சிவப்புப் பை குறைவாக வந்தால் அவருக்குச் சுமை குறைவு. ஆஸ்பத்திரிக் கடைநிலைச் சிப்பந்தியின் பார்வையில், அது மாத சம்பளத்துக்கு மேல் நாலு காசு. இருவருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் சட்டம் தனியே நிற்கவேண்டியிருக்கிறது.

இதன் முடிவு என்னவாகும் என்பதை குஜராத்தின் மோடாசா 2009ல் காட்டியது. அப்போது சபர்காண்டா ஜில்லாவிலிருந்த அந்த ஊரில் மஞ்சள் காமாலை பி வகை திடீரென்று பரவி, பலர் மடிந்தார்கள். உபயோகித்த சிரிஞ்சுகளையே மறுபடி போட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதைத் தொடர்ந்து நடந்த சோதனைகளில், பழைய ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் வாங்கி விற்கும் கள்ளச் சந்தையே இருப்பது வெளிப்பட்டது. டாக்டர்கள் சிலர் கைதானார்கள். ஒரு முறை உபயோகித்ததும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளை சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு அந்தச் சமயத்தில் வலுத்தது.

இதைப் படிக்கும்போது நம் ஊரில் அப்படி நடக்காது என்று சொல்லத் தோன்றும். மோடாசாவிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அசுத்தமான ஊசிகளால் 2000ம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை பி கிருமியும், 20 லட்சம் பேருக்கு சி கிருமியும், 2,60,000 பேருக்கு எய்ட்ஸ் கிருமியும் தொற்றியதாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு.

எரித்துவிட்டால் தீருமா?

எரித்துச் சாம்பலாக்கிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் பலமாக இருக்கிறது. கோர்ட்டுகளிடமும் ஒரு காலத்தில் இருந்தது. தில்லி நகரத்துக் குப்பை பற்றி டாக்டர் வதேரா தொடுத்த பொதுநல வழக்கில், 50 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் எரியுலையோ, அதற்கு ஈடான வேறு சாதனமோ வைக்கவேண்டும் என்று 1996 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதன்பின் தலைநகரில் எரியுலைகள் எழுந்தன. சீக்கிரமே வேறொரு உண்மை தெரிய ஆரம்பித்தது. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின் என்ற விஷம் பிறக்கிறது. அது காற்றில் போய் மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, மாட்டின் பாலில் வந்து சேருகிறது. புற்றுநோய்க்குக் காரணமாகும் விஷம் இது.

ஆகவேதான் இப்போதைய விதிகள் உலைக்கு இரண்டு அறை வேண்டும் என்கின்றன. முதல் அறையில் 800 டிகிரி, புகை போகும் இரண்டாவது அறையில் 1050 டிகிரி வெப்பம். அந்தப் புகை இரண்டாவது அறையில் இரண்டு வினாடியாவது நிற்கவேண்டும். குளோரின் கலந்த பைகளையே கைவிடவேண்டும் என்றும் உத்தரவு. டீசல் விலையைப் பார்த்து உலையின் சூட்டைக் குறைக்கிறவர் இருந்தால், பக்கத்துக் கிராமத்துக்காரர் மூக்கால் அதை அறியலாம். டையாக்சினை மட்டும் மூக்கு அறியாது. அதற்குத் தனி ஆய்வுக்கூடம் வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

எரிக்காமலே சமாளிக்க முடியுமா என்பதற்கு நேபாளத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. காத்மாண்டுவின் பழைய பீர் ஆஸ்பத்திரியில், வார்டிலேயே ஊசி முனையை வெட்டிப் பிரித்து, மீதியை ஆட்டோகிளேவில் அவித்து, பிளாஸ்டிக்கை விற்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நேபாளம் நம்மைவிடப் பணக்கார நாடல்ல. அங்கே செலவழித்தது முக்கியமாக சிப்பந்திகளுக்குப் பயிற்சி கொடுப்பதில். நம் நாட்டிலும் திருவனந்தபுரத்து மத்திய ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கிய 'ஸ்ருஜனம்' என்ற இயந்திரத்தை 2025 பிப்ரவரியில் தில்லி எய்ம்ஸில் நிறுவினார்கள். எரிக்காமல் கிருமியைக் கொல்லும் இயந்திரம் அது. நாளொன்றுக்கு 400 கிலோ கொள்ளளவு. ஆனால் எந்த இயந்திரமும் பிரித்துக் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்ளும். கலந்து கொடுத்தால் பழைய கதைதான்.

சின்ன இடங்கள்

பெரிய ஆஸ்பத்திரிகளில் பாதி தவறு நடந்தாலும் கேட்பதற்கு ஆள் உண்டு. சூப்பரின்டெண்டெண்ட் இருக்கிறார், ரிஜிஸ்டர் இருக்கிறது, வண்டி வருகிறது. சிக்கல் சின்ன இடங்களில்தான் அதிகம். இரண்டு அறைக் கிளினிக், மாடிப்படியின் கீழே ரத்தப் பரிசோதனைக் கூடம், பல் வைத்தியர், மாட்டு வைத்தியர், கிராமத்து ஆர்.எம்.பி. டாக்டர். 2016 விதிகள் படுக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் பொருந்தும். ரத்ததான முகாமுக்கும் தடுப்பூசி முகாமுக்கும்கூடப் பொருந்தும். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து எட்டு மைல் உள்ளே இருக்கும் கிளினிக்கில் கால் கிலோ கழிவை எடுக்க வண்டி போனால், டீசலுக்கே கட்டுப்படியாகாது. வண்டி வாரம் ஒரு தடவை வரும், அல்லது வராது. 48 மணி நேரக் கெடு அங்கே எப்படி நடக்கும்?

ஆர்.எம்.பி. டாக்டரைக் குறை சொல்வது எளிது. சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி பத்து மணிக்கு ஜுரம் என்றால் கதவைத் திறக்கிறவர் அவர்தான். ஜனங்களோ ஊசி போடாவிட்டால் அதை வைத்தியமாகவே ஒப்புக்கொள்வதில்லை. மாத்திரையோடு அனுப்பினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். நாடு முழுவதும் 2002-03ல் நடத்திய ஓர் ஆய்வில், போடப்படும் ஊசிகளில் நூற்றுக்கு 60க்கு மேல் ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் ஜில்லா பாங்கர்மாவ் பகுதியில், படிக்காத வைத்தியர் ஒருவர் ஒரே சிரிஞ்சைப் பலருக்கும் போட்டதால் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியதாக 2018 பிப்ரவரியில் செய்தி வந்தது. அங்கே போன கிருமி, குப்பைத் தொட்டிக்குப் போகவேண்டிய சிரிஞ்சு வழியாகப் போனது.

நம் வீடும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியாக ஆகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத தெரு இல்லை. தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் மாதத்துக்கு எத்தனை ஊசியைக் குப்பையில் போடுகிறார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2016ம் ஆண்டு திடக்கழிவு விதிகளே இத்தகைய ஊசி, காலாவதி மருந்து ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று பெயரிட்டு, தனியாகக் கொடுக்கச் சொன்னது. எங்கே கொடுப்பது என்று தெருவில் கேட்டால் பதில் வராது. மூடி இறுக்கமாக உள்ள பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வைத்து, நிரம்பியதும் தெரிந்த ஆஸ்பத்திரியின் வெள்ளை டப்பாவில் போடச் சொல்லிக் கொடுக்கலாம். மாநகராட்சி வண்டியில் அப்படியே போட்டால், மறுநாள் அது யாரோ ஒருவர் உள்ளங்கையில் ஏறும்.

எல்லை தாண்டும் மூட்டை

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் வயல் ஓரத்திலும் குளத்தருகிலும் மூட்டை மூட்டையாக ஆஸ்பத்திரிக் கழிவு கிடந்தது. பிரித்துப் பார்த்தால், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளின் நோயாளிச் சீட்டுகள் இருந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளில் கேரளமே வந்து அள்ளிச் செல்லவேண்டும் என்று உத்தரவிட்டது. 22ம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அள்ளிச் சென்றார்கள். கொட்டியவர்களே திரும்பி வந்து எடுத்துப்போனது இந்த விஷயத்தில் அபூர்வமான காட்சி.

இது கேரளம், தமிழ்நாடு சண்டை என்று மட்டும் பார்த்தால் நமக்குப் பாடம் இல்லை. எல்லை ஊர் எதுவானாலும் ஆபத்து ஒன்றே. ஒரு பக்கத்து வாரியத்தின் கண்காணிப்பு எல்லையோடு நின்றுவிடுகிறது, லாரி நிற்பதில்லை. சித்தூரின் தெற்கே சிறிது தூரத்தில் தமிழ்நாடு, மேற்கே கர்நாடகம். 1960 ஏப்ரலில் திருத்தணியை அந்தப் பக்கம் எழுதி எல்லைக்கோட்டைத் திருத்தியபோது, ஆறுகளை யாரும் கேட்கவில்லை. சித்தூரைத் தொட்டு ஓடும் நீவா, கீழே பொன்னையாறாகிப் பாலாற்றில் சேருகிறது. சித்தூர்க் கரையில் கொட்டியது, வெள்ளம் வந்தால் வேலூர், ராணிப்பேட்டை ஜில்லாக்காரரின் கிணற்றுப் பக்கம் போகும்.

தண்டனை விஷயத்தில் ஒரு விசித்திரம். சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை என்று 1986 முதல் இருந்தது. 2023ம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறையை எடுத்துவிட்டு, ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. அதே சமயம் தமிழ்நாடு, திருநெல்வேலி சம்பவத்துக்குப் பின் 2025ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டுகிறவர்களையும் அதில் சேர்த்தது. மத்தியில் சிறைக் கதவைத் திறந்துவிட்டு, மாநிலத்தில் இன்னொரு கதவைப் பூட்டியிருக்கிறார்கள். சிறையில் வாடப்போவது மூட்டையை ஏற்றிய லாரி டிரைவரா, மூட்டையைக் கொடுத்த நிர்வாகியா என்பதைப் பொறுத்துத்தான் இதன் நியாயம் தெரியும். பழைய சட்டத்தில் ஐந்து வருஷம் இருந்த காலத்திலும் ஆஸ்பத்திரி முதலாளிகள் உள்ளே போனதாகச் செய்தி படித்த ஞாபகம் வாசகர்களுக்கு இருக்காது.

அள்ளுகிறவர் கை

இவ்வளவு பேச்சிலும் அதிகம் அடிபடாதவர் துப்புரவுத் தொழிலாளிதான். கிருமியுள்ள ஊசி தடுப்பூசி போடாதவர் கையில் குத்தினால், மஞ்சள் காமாலை பி தொற்ற நூற்றுக்கு 6 முதல் 30 வரை வாய்ப்பு. எய்ட்ஸ் தொற்ற ஆயிரத்துக்கு 3. எய்ட்ஸுக்குப் பயப்படுகிறவர்கள் காமாலைக்குப் பயப்படுவதில்லை. ஆனால் பி வகைக் காமாலைக்குத் தடுப்பூசி இருக்கிறது, விலையும் மலிவு. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தடுப்பூசியும் தனுர்வாயு ஊசியும் போடவேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது உடல் பரிசோதனை செய்யவேண்டும் என்று விதி கண்டிப்பாகச் சொல்கிறது.

இங்கேதான் காண்டிராக்ட் முறை குறுக்கே வருகிறது. பி தடுப்பூசி ஒரே நாளில் முடிவதல்ல. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. காண்டிராக்ட் கைமாறும்போது ஆட்களும் கைமாறுகிறார்கள். முதல் ஊசியைப் பழைய காண்டிராக்டர் போட்டிருப்பார். மூன்றாவது ஊசிக்குப் பொறுப்பாளி யார் என்று புதியவர் கேட்பார். ஆஸ்பத்திரி நிர்வாகம், அவர் எங்கள் சிப்பந்தி அல்ல என்று சொல்லும். விதியில் பொறுப்பு ஆஸ்பத்திரி நடத்துகிறவர் மீதுதான் இருக்கிறது. ஆள் யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தாலும், அந்தக் கட்டடத்துக் கழிவைத் தொட்டால் போதும்.

இதைக் கேட்கவேண்டியவர் யார்? ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் போன்ற உயர் அதிகாரி தலைமையில் ஒரு கண்காணிப்புக் கமிட்டி இருக்கவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அது மாநிலக் கமிட்டிக்கு அறிக்கை அனுப்பவேண்டும். 2022 ஏப்ரல் 4ம் தேதி முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், பழைய சித்தூர் ஜில்லாவுக்கு ஒன்றாக இருந்த இந்த வேலை பிரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளும் ஒவ்வொரு வருஷமும் ஜூன் 30க்குள் தாங்கள் எவ்வளவு கழிவு கொடுத்தோம், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை விபத்து நடந்தது என்று படிவம் 4ல் எழுதிக் கொடுத்தாகவேண்டும். ஊசி குத்திய விபத்தும் அதில் அடக்கம். பல படிவங்களில் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதே வழக்கமாக இருக்குமானால், அதிகாரிகள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. ஊசி குத்தாத ஆஸ்பத்திரி உலகத்தில் எங்கும் இல்லை. எழுதாத ஆஸ்பத்திரி இருக்கிறது.

வார்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள், கையில் தடுப்பூசிச் சீட்டு இருக்கிறதா, அதில் மூன்று தேதிகளும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி குத்தினால் வெட்கப்பட்டு மறைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லவேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மாத்திரை கொடுக்கவேண்டியிருந்தால், அதை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஆரம்பித்தாக வேண்டும். ரிஜிஸ்டரில் பெயர் ஏறவில்லை என்றால் பின்னால் நஷ்டஈடு கேட்கவும் ஆதாரம் இராது. புது காண்டிராக்ட் கையெழுத்தாகும் மாதத்தில் மூன்றாவது ஊசியின் தேதி விழுந்தால், பழைய சீட்டைப் பத்திரமாக எடுத்துப் போகவேண்டும்.